பணம் கட்டாத வீட்டின் தண்ணீரை நிறுத்தலாமா?

(மறுகுடியமர்வுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வந்த கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பதில். கடிதம் எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

கடிதம் எழுதியவர் 43 வயதுப் பெண். வீட்டு வேலைக்குப் போகிறவர். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை 2015 வெள்ளத்துக்குப் பிறகு விட்டுவிட்டு, சென்னைக்குத் தெற்கே இருக்கும், தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (பழைய குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பில் குடும்பத்தோடு குடியேறியிருக்கிறார். எட்டு மாடி, ஒரு பிளாக்கில் 96 வீடு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் இரண்டு வருடங்களுக்கு முன்பு பிளாக் சங்கத்துக்கு அவரைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள்.

அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மாதம் வீட்டுக்கு 300 ரூபாய் பராமரிப்புப் பணம் என்று பொதுக்குழுவில் முடிவானது. ஒழுங்காகக் கட்டுவது 44 வீடுகள்தான். 28 வீடுகளில் வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு லிஃப்ட்டில் ஒன்று போன வருடமே நின்றுவிட்டது, இன்னொன்று நின்று 38 நாள் ஆகிறது. ஏழாவது மாடியில் பக்கவாதம் வந்த ஒரு அண்ணன் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பையன்கள் தூக்கி இறக்குகிறார்கள். வசூல் பணம் தலைவரின் சொந்த ஜி-பே எண்ணுக்குப் போகிறது, ரசீதில் மட்டும் பொருளாளர் கையெழுத்து. இப்போது கமிட்டி கூடி, கட்டாத வீடுகளுக்குத் தண்ணீர் வால்வை மூடிப் பூட்டிவிடலாம் என்று பேசியிருக்கிறது. பூட்டு வாங்கி வரும் வேலை பொருளாளருக்கு.

"தண்ணீரை நிறுத்தினால் தப்பா? கணக்கு இடித்தால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்களா? லிஃப்ட் ரிப்பேருக்கு வீட்டுக்கு 1,500 ரூபாய் தலைவர் கேட்கிறார், கட்டணுமா? வாடகைக்காரங்களைக் காலி பண்ணச் சொல்லலாமா? புகார் கொடுத்தால் கிரயப் பத்திரம் தராமல் போய்விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "எங்க ஜனத்துக்கு மாடி வீட்டில் இருக்கத் தெரியலைன்னு ஒரு ஆபிசர் சொன்னார். பார்க்கப்போனால் அது நிஜம்தானோன்னு தோணுது."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல், பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. "போன மாசம் சாக்கடை பொங்கியபோது தலைவர் ரெண்டு பேரைக் கூட்டி வந்து உள்ளே இறக்கிச் சுத்தம் பண்ணினார், 1,200 ரூபாய் ஆச்சு, அதையும் கணக்கில் எழுதியிருக்கேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி, அது இனி ஒருமுறைகூட நடக்கக் கூடாது. பாதாளச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவதை மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. நேரடியாக வேலைக்கு வைத்தாலும் சரி, ஆள் மூலம் வைத்தாலும் சரி, முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். ஜாமீன் தானாகக் கிடைக்காத குற்றம் அது. "அவங்களே வந்து இறங்கினாங்க, நாங்க சொல்லல" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது. கூலி கொடுத்த கணக்கு உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். மூடி திறந்த குழிக்குள் இருக்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது. முதல் ஆள் மயங்கி விழுந்ததும் அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குவார், இரண்டு பேருமே திரும்ப மாட்டார்கள். தமிழ்நாட்டில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையை இழந்திருக்கின்றன. இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன உயிர் வராது. அன்றைக்கு அந்த இரண்டு பேரும் பத்திரமாக மேலே வந்தது நம் எல்லோருடைய அதிர்ஷ்டம். இனி அடைப்பு வந்தால் இயந்திர வண்டிதான். வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், தேதி போட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வர இரண்டு நாள் ஆகலாம், நாற்றம் தாங்க முடியாமல் ஜனங்கள் சத்தம் போடலாம். அப்போதும் ஆளை இறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே எழுதி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் வால்வும் பூட்டும்

சரி, இப்போது பூட்டு விஷயம். வாங்காதீர்கள்.

குடிநீர் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை அது. 300 ரூபாய் பாக்கிக்காக ஒரு குடும்பத்தின் தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் உங்கள் சங்கத்துக்குக் கிடையாது. பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கித் தீர்மானம் போட்டாலும் அந்த அதிகாரம் வந்துவிடாது. மின்சாரமும் அப்படித்தான். பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் உரிமை மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. அவர்கள்கூட 15 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். பியூஸைப் பிடுங்குவது, படிக்கட்டுக் கதவைப் பூட்டுவது, குப்பையை அவர்கள் வாசலில் கொட்டுவது, பாக்கிக்காரர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பது எதுவும் வேண்டாம். அந்த வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்து ஏதாவது நேர்ந்துவிட்டால் பூட்டிய கைதான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தின்படி அந்தக் கை உங்களுடையது.

அப்படியானால் கட்டாதவர்களை என்ன செய்வது? உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். 44 வீட்டுக்காரர்கள் கட்டிய பணத்தில் ஏறும் தண்ணீரை 96 வீட்டுக்காரர்களும் குடிக்கிறார்கள். பாக்கியை எழுத்தில் கேட்கலாம், தவணையாக வாங்கலாம், எத்தனை மாத பாக்கி என்று வாரியத்தின் எஸ்டேட் அலுவலருக்குப் பட்டியல் கொடுக்கலாம். கிரயப் பத்திரம் வாங்கும் நேரத்தில் பாக்கி இருந்தால் அது அவர்களுக்கே தடையாகும் என்பதை வீடு வீடாகப் போய்ப் பொறுமையாகச் சொல்லலாம். சங்கம் பதிவு பெற்றிருந்தால் சட்டப்படி வசூல் வழக்கும் போடலாம். ஆனால் 300 ரூபாய்க்குக் கோர்ட் ஏறச் சொல்லும் வக்கீல் நான் இல்லை.

என் அனுபவத்தில் வசூல் ஏறியது வேறு ஒரு வழியில். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பிளாக்கில் சட்ட முகாமுக்குப் போயிருந்தேன். மோட்டார் அறைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெண் கரும்பலகை மாட்டி, சாக்பீஸில் எழுதியிருந்தார். வரவு இவ்வளவு, பெருக்குகிற அம்மாவுக்கு இவ்வளவு, மோட்டார் போடுகிற பையனுக்கு இவ்வளவு, பல்பு நான்கு, கையிருப்பு இவ்வளவு. ஒவ்வொரு ஞாயிறும் அழித்து எழுதுவாராம். தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் நின்று படித்துவிட்டுத்தான் போனார்கள். "இந்தப் பலகை வந்த பிறகு கேட்காமலே கொண்டுவந்து கொடுக்கிறாங்க சார், எல்லாரும் இல்ல, ஆனா நிறையப் பேர்" என்றார். உங்கள் பிளாக்கில் கட்டாத 52 வீடுகளில் எத்தனை பேர் முடியாமல் கட்டவில்லை, எத்தனை பேர் பணம் எங்கே போகிறது என்று தெரியாமல் கட்டவில்லை? இதை யாராவது போய்க் கேட்டிருக்கிறார்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

தலைவரின் ஜி-பே

உங்களுக்கு அதிக பயம் இந்தக் கேள்வியில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். வசூல் குறைந்ததற்காகவோ, கணக்கு எழுதத் தடுமாறியதற்காகவோ ஒரு பொருளாளரை யாரும் உள்ளே போட முடியாது. பொதுப் பணத்தைச் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்வதுதான் குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு அதை நம்பிக்கை மோசடி என்கிறது. நீங்கள் எடுக்கவில்லை.

ஆனால் "நான் பணத்தைத் தொடவே இல்லை, அதனால் எனக்குச் சம்பந்தமில்லை" என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. 300 ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று சொல்வது நீங்கள், பணம் போவது வேறொருவர் கணக்குக்கு. நாளைக்குக் கேள்வி வந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். தலைவர் யோக்கியராகவே இருக்கலாம். அவருக்கே ஒரு விபத்து நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால் அந்தப் பணத்தை எப்படி எடுப்பீர்கள்? அது அவர் குடும்பத்துப் பணமா, சங்கத்துப் பணமா என்று யார் பிரித்துச் சொல்வது?

ஆகவே இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள், தலைவருக்கும் செயலாளருக்கும். சண்டை வேண்டாம், நான்கு வரி போதும். பொருளாளர் என்ற முறையில், இன்றுவரை உங்கள் எண்ணுக்கு வந்த சங்கப் பணத்தின் விவரமும் செலவு ரசீதுகளும் வேண்டும், அடுத்த மாதம் முதல் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி இரண்டு பேர் கையெழுத்தில் இயக்க வேண்டும், அதுவரை புது ரசீதில் நான் கையெழுத்துப் போட இயலாது. அவ்வளவுதான். நேரில் கொடுத்தால் நகலில் கையெழுத்து வாங்குங்கள், மறுத்தால் ஒப்புகைச் சீட்டுடன் அஞ்சலில் அனுப்புங்கள். அந்த நகல்தான் உங்களுக்குப் பாதுகாப்பு.

இன்னொன்றும் பாருங்கள். சங்கம் பதிவு ஆகியிருக்கிறதா? 20 உறுப்பினருக்குக் குறையாத சங்கம், அல்லது வருடத்துக்கு 10,000 ரூபாய்க்குக் குறையாத வரவோ செலவோ உள்ள சங்கம், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவாகியிருந்தால் வருடத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கமிட்டியின் பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. கணக்கைக் காட்டவே மறுத்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்து மாவட்டப் பதிவாளரை விசாரிக்கச் சொல்லலாம். 96 வீடும் உறுப்பினர் என்றால் 32 கையெழுத்து. ஒழுங்காகக் கட்டுகிற வீடே 44 இருக்கிறது உங்களிடம்.

பணம் வங்கிக்குப் போவதில் ஒரு பெரிய ஆதாயமும் இருக்கிறது. 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று 2021-இல் அரசு அறிவித்த திட்டத்தின் அடிப்படையே, குடியிருப்போர் நலச் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் தன் பங்கைத் தரும் என்பதுதான். 44 வீடு கட்டும் 13,200 ரூபாய் இன்னொரு மடங்காக வளர வழி இருக்கிறது. ஒருவருடைய செல்போனுக்குள் கிடக்கும் பணத்தைக் காட்டி அதைக் கேட்க முடியாது. உங்கள் பிளாக்குக்கு இதுவரை இணைப் பங்கு வந்திருக்கிறதா, வரவில்லை என்றால் என்ன காகிதம் குறைகிறது என்று எஸ்டேட் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

லிஃப்ட்டுக்கு 1,500 ரூபாயா?

இதில் உங்கள் எல்லோருக்குமே ஒரு தவறான எண்ணம் படிந்திருக்கிறது. "சங்கம் ஆரம்பிச்சதும் எல்லாம் நம்ம தலையில் வந்துடுச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி வரவில்லை. சங்கம் அன்றாட வேலையைப் பார்ப்பதற்கு. படிக்கட்டும் நடையும் பெருக்குவது, பல்பு மாற்றுவது, நேரத்துக்கு மோட்டார் போட்டு நிறுத்துவது, பொதுக் குழாயில் சின்ன ஒழுக்கை அடைப்பது, தொட்டி கழுவுவது ஆகியவை இதில் வரும். கட்டடத்தின் விரிசல், மொட்டை மாடி ஒழுக்கு, வெளிப்பக்கக் கழிவுக் குழாய்களை அடியோடு மாற்றுவது, லிஃப்ட்டின் பெரிய பழுது, எரிந்துபோன மோட்டாருக்குப் பதில் புதிது வைப்பது போன்றவற்றை 300 ரூபாய் வசூலில் ஒரு சங்கம் செய்ய முடியாது, அப்படி எதிர்பார்க்கவும் கூடாது. கட்டடத்தின் உடைமையாளர் யாரோ அவருக்கே அந்தக் கடமை. உங்கள் இடத்தில் அது வாரியம்.

லிஃப்ட்டுகளுக்கென்று தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உரிமம் இல்லாமல் லிஃப்ட்டை இயக்கக் கூடாது, மின் ஆய்வுத் துறை அதைச் சோதிக்க வேண்டும், பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கு என்பதெல்லாம் அதில் வருகிறது. தலைவர் வெளியே யாரோ ஒரு மெக்கானிக்கைப் பேசி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். உங்கள் பணத்தில் அவரைக் கொண்டுவந்து கழற்றி மாட்டிவிட்டு, அடுத்த வாரம் லிஃப்ட் ஒரு குழந்தையோடு நின்றுபோனால் பொறுப்பு முழுக்கச் சங்கத்தின் மேல் விழும். வாரியம் "நாங்கள் கைவைக்கச் சொல்லவில்லையே" என்று ஒதுங்கிக்கொள்ளும். 1,500 ரூபாய் கட்ட வேண்டாம். மற்றவர்களுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.

அதற்குப் பதிலாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எங்கள் பிளாக்கின் இரண்டு லிஃப்ட்டுக்கும் உரிம நகல், அது எந்தத் தேதி வரை செல்லும், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் யாரோடு, ஒப்பந்த நகல், கடந்த ஒரு வருடத்தில் அவர்கள் வந்துபோன தேதிகள், அவர்களுக்குக் கொடுத்த தொகை. இவ்வளவு கேட்டால் போதும். ஒப்பந்தக்காரருக்குப் பணம் போய்க்கொண்டே இருக்க, லிஃப்ட் மட்டும் நின்றிருப்பது காகிதத்தில் வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

மனுவுக்குப் பதில் வரும்வரை அந்த ஏழாவது மாடி அண்ணன் காத்திருக்க முடியாது. நீங்கள் எழுதியதில் என் மனதைவிட்டுப் போகாத இடம் அதுதான். படிக்கட்டு திரும்பும் இடத்தில் நாற்காலியைச் சாய்த்துத்தான் திருப்ப முடியும், அப்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாதத்தில் கைகால் செயல்படாமல் போனால் அதுவும் மாற்றுத்திறன்தான், பலருக்கு இது தெரிவதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் அவர்களுக்கு 5 சதவீத இடஒதுக்கீடு தருகிறது, பொதுக் கட்டடங்களில் தடையின்றிச் சென்றுவரவும் உரிமை தருகிறது. அவர் மனைவி பெயரில் எஸ்டேட் அலுவலருக்குத் தரைத்தள வீடு மாற்றம் கேட்டு ஒரு மனு, அதன் நகலோடு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு மனு. இரண்டிலும் லிஃப்ட் நின்ற தேதியை எழுதுங்கள்.

வாடகைக்காரர்கள்

ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். கிரயப் பத்திரம் ஆகும்வரை வாடகைக்கோ விலைக்கோ விடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். மீறினால் ஒதுக்கீட்டை ரத்து செய்யும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு, அதுவும் நோட்டீஸ் கொடுத்து, பதில் கேட்ட பிறகுதான். சங்கத்துக்கு அந்த அதிகாரம் துளியும் இல்லை. காலி பண்ணச் சொல்லிப் போய் நின்றால் அது மிரட்டல் ஆகிவிடும்.

வீட்டை வாடகைக்கு விட்ட அந்த 28 பேர் ஏன் இங்கிருந்து போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். நகரத்துக்குள் வேலை, இங்கே வீடு. விடியற்காலை மூன்று பஸ் மாறிப் போகிற கதையை நீங்களே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். முதலாளி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துக்கொண்டு, இங்கே வரும் வாடகையை அதற்குக் கொடுத்துச் சமாளிக்கிறவர்கள் அவர்கள். நிபந்தனையை மீறியது தப்புதான், ஆனால் அவர்களைக் காட்டிக்கொடுப்பதை ஒரு சங்கத்தின் வேலையாக நான் நினைக்கவில்லை. அதே சமயம் அவர்களுக்காகப் பொய் சொல்லவும் வேண்டாம், அதிகாரி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது பராமரிப்புப் பணம். இருக்கிறவர் தண்ணீரும் படிக்கட்டும் பயன்படுத்துகிறார், அவரிடம் வாங்குங்கள். ரசீதை ஒதுக்கீடு பெற்றவர் பெயரில் எழுதி, 'இன்னார் வழியாக' என்று குறியுங்கள். ஒதுக்கீடு பெற்றவரின் செல்போன் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தால் பத்திரம் போய்விடுமா?

போகாது. தவணை கட்டி முடித்து, நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குக் கிரயப் பத்திரம் கேட்கும் உரிமை உண்டு. லிஃப்ட் ஓடவில்லை என்று எழுதியதற்காக அதை நிறுத்த எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. "கையெழுத்துப் போட்டால் உங்க பேர் லிஸ்ட்டில் ஏறும்" என்று யாராவது சொன்னால், எந்த லிஸ்ட், எந்த உத்தரவு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தவணை ரசீதுகளை மட்டும் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். பத்து வருட ரசீதை எலி தின்றுவிட்டது என்று என் மேசைக்கு முன் அழுதவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கே எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

வாரியம் பதிலே சொல்லாவிட்டால்? அரசு வீட்டுவசதி அமைப்புகளும் நுகர்வோர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே சொல்லிவிட்டது. பணம் கட்டி வீடு பெற்றவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. தண்ணீர், கழிவுநீர் பிரச்சினைக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது, அங்கும் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் வக்கீல் வைக்க வசதியில்லையே என்று யோசிக்காதீர்கள். பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள்.

ஆனால் இவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் வாரியத்தோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. உதவிப் பொறியாளரும் எஸ்டேட் அலுவலரும் பல நூறு வீடுகளுக்கு ஒருவராகத் திண்டாடுகிறவர்கள், அவர்களில் நல்லவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் பட்டியலோடு போகிற சங்கத்துக்கு அவர்கள் வேலை செய்து கொடுக்கிறார்கள்.

விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை

கடிதத்தில் "மூணாவது மாடிப் பாத்ரூம் சுவரில் பச்சைப் பாசி, சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியுது" என்று ஒரு வரி. இதைச் சாதாரணமாக விடாதீர்கள். 2021 டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஒரு உயிர்கூடப் போகவில்லை, ஏனென்றால் விரிசலைப் பார்த்துவிட்டு ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்திருந்தார்கள். கட்டடத்தைக் காக்க வேண்டியது வாரியம், ஆனால் கூடவே வசிக்கிற கண்தான் முதலில் பார்க்கிறது. கம்பி தெரிகிற இடத்தைப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, தேதியோடு உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்கள். பதினைந்து நாள் கழித்து அதே இடத்தை மறுபடி எடுங்கள். பெரிதாகியிருந்தால் அன்றைக்கே செயற்பொறியாளருக்குப் போங்கள்.

அந்த அதிகாரி சொன்னது

உங்கள் ஜனத்துக்கு மாடி வீட்டில் இருக்கத் தெரியவில்லை என்பது உண்மையில்லை, சகோதரி. ஆற்றங்கரையில் இருந்தபோது தண்ணீர் லாரி வரும் நேரம் பார்த்து, குடம் வரிசை பிசகாமல் நூறு குடும்பத்துக்குப் பகிர்ந்து கொடுத்தவர்கள் நீங்கள். நெருப்புப் பிடித்தபோது வாளி கைமாறியதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே வீட்டுக்கு மேல் வீடு இல்லை, அதனால் தண்ணீரை எட்டு மாடி ஏற்றும் கரண்ட் பில் இல்லை, லிஃப்ட் இல்லை, மேல்வீட்டுக் குழாய் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகும் பிரச்சினை இல்லை. இதெல்லாம் பெரிய சம்பளக்காரர்கள் வாழும் அடுக்ககங்களிலும் வருகிற சண்டைகள்தான். அங்கே மாதம் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து மேனேஜர், எலக்ட்ரீஷியன், காவலாளி என்று வைத்துச் சமாளிக்கிறார்கள். உங்களிடம் அதே கட்டடத்தைக் கொடுத்துவிட்டு, வேலையை விட்டு நெடுந்தூரம் தள்ளியும் வைத்துவிட்டு, பிறகு உங்களுக்குப் பழக்கமில்லை என்பது நியாயமான பேச்சு இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து சம்ப் நிரம்பி வழியாமல் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடுகிற உங்களைப் பற்றி அப்படிச் சொன்னதில் எனக்கு வருத்தம்தான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு இந்தக் கடிதத்தை எடுத்துப் போங்கள், வாசித்துக் காட்டுங்கள். பூட்டு வேண்டாம், ஆளை இறக்க வேண்டாம், வங்கிக் கணக்கு வேண்டும் என்ற மூன்று தீர்மானங்களும் அன்றைக்கே நோட்டில் ஏறட்டும். கரும்பலகையை வேண்டுமானால் அடுத்த மாதம் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஏழாவது மாடி அண்ணனின் மனுவை நாளையே எழுதிவிடுங்கள். அவருடைய ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை அதோடு வையுங்கள், அந்த நான்கு பையன்களிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதியபின் எனக்கு ஒரு நகல் அனுப்பினால், அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.